பாக்கெட்டில் பூச்சி கிடந்தால்: சலிப்பதா, மாற்றுவதா, புகார் செய்வதா?

கடையில் வாங்கிய மாவிலோ ரவையிலோ பூச்சியைக் கண்டுவிட்டு ‘இப்போது என்ன செய்வது’ என்று கேட்பவர்கள், பெரும்பாலும் இரண்டு ஆலோசனைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களாகவே இருக்கிறார்கள். தருமபுரியில் எங்கள் தெருப் பெரியவர்கள் ‘சலித்துவிட்டு வெயிலில் காயவைத்தால் போயிற்று’ என்பார்கள். ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளோ ‘விடாதே, வழக்குப் போடு’ என்று தொலைபேசியில் சொல்வார்கள். இரண்டும் சில நேரங்களில் சரியான ஆலோசனைகளே. எந்த நேரத்தில் எது சரி என்பதுதான் சிக்கல்.

நான் தவறாகத் தேர்ந்தெடுத்த கதையிலிருந்து தொடங்குகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை களி கிண்டுவதற்காக உலை வைத்துவிட்டு, முந்தின நாள் வாங்கிய அரைக்கிலோ கேழ்வரகு மாவுப் பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்துக் கவிழ்த்தேன். மாவு பொலபொலவென்று விழாமல் கட்டிகட்டியாகத் தொங்கிக்கொண்டு இறங்கியது. ஒரு கட்டியை விரலால் பிளந்தபோது நூலாம்படை போன்ற மெல்லிய இழை விரலோடு நீண்டு வந்தது. அதற்குள் நெல்மணி நீளமுள்ள, வெளிறிய, தலை மட்டும் பழுப்பான ஒரு புழு தலையைத் தூக்கித் தூக்கி அசைத்துக்கொண்டிருந்தது. பாக்கெட்டை மடித்துக் கடைக்கு எடுத்துச் சென்றேன். கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை. “இந்த மாவு கொஞ்ச நாள் இருந்தாலே இப்படித்தாங்க டீச்சர், கொடுங்க, வேற எடுத்துக்குங்க” என்று சொல்லிக்கொண்டே பழையதை வாங்கி வாசலில் இருந்த குப்பைக் கூடையில் போட்டார். புதிய பாக்கெட்டும் அதே பேட்ச் எண்ணைக் கொண்டது என்பதை வீட்டில்தான் பார்த்தேன். அதிலும் இழை இருந்தது. ஆத்திரத்தில் அதைக் கோழிகளுக்குக் கொட்டினேன். பக்கத்து வீட்டிலும் அதே மாவில் அதே புழு என்று தெரிந்து புகார் செய்ய முற்பட்டபோது, எதிர்ப்பட்ட முதல் கேள்வி “பாக்கெட் இருக்குதுங்களா?” என்பதுதான். பாக்கெட்டும் இல்லை, பில்லும் இல்லை.

அன்றிலிருந்து இந்த வழிகளை எடைபோடும்போது, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்கிறேன்: இந்த வழியில் போனால் அந்தப் பாக்கெட் யார் கைக்குப் போகிறது?

எதை வைத்து எடைபோடுவது

பாக்கெட் போகுமிடம் முதல் அளவுகோல். இரண்டாவது, நமக்கு ஆகும் செலவும் அலைச்சலும். நாற்பது ரூபாய் மாவுக்காக அரை நாள் கூலியை இழப்பவருக்கும், ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கும் எனக்கும் இந்தக் கணக்கு ஒன்றாக இருக்க முடியாது. மூன்றாவது, முடிவில் கையில் கிடைப்பது எது: பணமா, மாற்றுப் பொருளா, இழப்பீடா, அல்லது பிறருக்கு அந்த மாவு போகாமல் தடுத்த நிறைவு மட்டுமா. நான்காவது, சிற்றூர்களில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத, ஆனால் எல்லோரும் கணக்கில் எடுத்துக்கொள்ளும் ஒன்று: கடைக்காரருடன் உள்ள உறவு. மாதக் கடைசியில் கணக்கு நோட்டில் எழுதிக் கடன் கொடுப்பவரை, நகரத்துப் பெரிய அங்காடியை நடத்துவதுபோல நடத்த முடியாது.

இவற்றோடு பூச்சி எப்போது, எங்கே உள்ளே வந்தது என்பதையும் பார்த்தாக வேண்டும். ஏனென்றால் தவறு நம் வீட்டு டப்பாவில் இருந்தால் மேலே சொன்ன கணக்கெல்லாம் வீண்.

பூச்சியும் தேதியும்

பாக்கெட்டின் பேக்கிங் தேதியையும் பூச்சியின் பருவத்தையும் சேர்த்துப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். மாவிலும் ரவையிலும் வரும் சிவந்த பழுப்பு நிறச் சிறு வண்டு, நம் ஊர் வெப்பத்தில் முட்டையிலிருந்து முழு வண்டாவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் எடுத்துக்கொள்கிறது. அரிசியில் வரும் மூக்கு நீண்ட வண்டுக்கும் ஏறக்குறைய அதே காலம்தான். அது மணியைத் துளைத்து, உள்ளே முட்டையிட்டு, துளையையும் அடைத்துவிடுவதால் வெளியே ஒன்றும் தெரியாது. ஆகவே நேற்று வாங்கிப் பத்து நாட்களுக்கு முன் அடைக்கப்பட்ட ரவையில் முழு வண்டுகளும் அவை உரித்த தோல்களும் கிடந்தால், அவை உங்கள் வீட்டில் பிறந்தவையாக இருக்க முடியாது. ஆலையிலோ கிடங்கிலோ பிறந்தவை. மாறாக, இரண்டு மாதத்துக்கு முன் திறந்து கிளிப் போட்டு வைத்த பாக்கெட்டில் வண்டு வந்தால், கடைக்காரரிடம் போவதற்கு முன் அலமாரியில் உள்ள மற்ற டப்பாக்களைத் திறந்து பார்ப்பதே முறை.

இழை கட்டும் அந்துப்பூச்சியின் புழு மெல்லிய பிளாஸ்டிக் உறையைக் கடித்துத் துளைக்கக்கூடியது. எனவே கடையிலோ வீட்டிலோ பக்கத்து மூட்டையிலிருந்துகூட அது உள்ளே புகுந்திருக்கலாம். உறையில் ஊசிமுனைத் துளை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். கொள்ளு, மொச்சை, காராமணி போன்ற முழுப் பயறுகளின் கதை வேறு. பயறு வண்டு வயலிலேயே காய்மீது முட்டையிடத் தொடங்கிவிடுகிறது. மணியின்மேல் ஒட்டிய வெள்ளைப் புள்ளிகள் அதன் முட்டைகள்.

கரப்பான், ஈ, பல்லி போன்றவை இந்தக் கணக்கில் சேரா. தானிய வண்டு தானியத்தைத் தின்று வாழ்வது. கரப்பானோ சாக்கடையிலிருந்து வருவது. அடைத்த உணவில் அது கிடந்தால் அடைத்த இடத்தின் தூய்மையே கேள்விக்குரியது என்பதால், அப்படிப்பட்ட பொருளை ஒரு வாய்கூட உண்ணாமல், கீழே வரும் நான்காம் வழிக்கு நேராகப் போகலாம்.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் செய்ய வேண்டியவை சில உண்டு. பூச்சியோடு பொருள், பேட்ச் எண், தேதிகள், 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், பில் ஆகிய எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டைப் பூச்சியோடும் எஞ்சிய பொருளோடும் இன்னொரு கவரில் போட்டு இறுகக் கட்டி, தேதி எழுதி ஃப்ரீசரில் வையுங்கள். வெளியே வைத்தால் பூச்சி பெருகிக்கொண்டே போய், அன்று என்ன இருந்தது என்பதை யாராலும் சொல்ல முடியாமல் போய்விடும்.

முதல் வழி: சலித்துப் பயன்படுத்துவது, அல்லது எறிந்துவிடுவது

இதை இழிவாகப் பார்க்கத் தேவையில்லை. சந்தையில் படிக்கணக்கில் அளந்து வாங்கும் சாமைக்கும் கொள்ளுக்கும் பேட்ச் எண்ணும் இல்லை, பில்லும் இல்லை. நாலு வண்டு இருந்தால் முறத்தில் புடைத்து, வெயிலில் உலர்த்தி, கழுவிச் சமைப்பதுதான் நம் பக்கத்து வீடுகளில் காலங்காலமாக உள்ள வழக்கம். ஃப்ரீசரில் கழித்தல் 18 பாகையில் நான்கு நாட்கள் வைத்தால் முட்டைகளும் செத்துவிடும். கேழ்வரகு மணியாக இருக்கும்வரை பூச்சி எளிதில் அண்டாது. குழியில் கொட்டி மூடி ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து பஞ்ச காலத்தில் எடுத்துத் தின்ற தானியம் அது. அரைத்து மாவாக்கிய பிறகு அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது என்பதைத்தான் பாக்கெட் மாவுக்குப் பழகிய நாம் மறந்துவிட்டோம்.

இந்த வழியின் மறைமுகச் செலவு அடுத்த டப்பாவில் இருக்கிறது. ஒரு பாக்கெட்டைச் சலித்து மிச்சப்படுத்தும் நாற்பது ரூபாய், அலமாரியில் உள்ள ரவை, மைதா, மிளகாய்த்தூள் எல்லாவற்றுக்கும் வண்டு பரவினால் பல மடங்காகக் கையைவிட்டுப் போகும். மேலும், சல்லடையில் வண்டு நிற்கும், முட்டையும் எச்சமும் நிற்கா. வண்டு மிகுந்த மாவில் அது சுரக்கும் பொருட்களால் ஒருவிதக் காட்டமான நெடி ஏறிவிடும். சமைத்தாலும் அது போகாது. தானியத்தில் பூச்சியின் கழிவு எவ்வளவு கலந்திருக்கிறது என்பதை ஆய்வகங்கள் யூரிக் அமிலத்தை வைத்தே அளக்கின்றன. அரிசி, கோதுமை போன்றவற்றில் அது கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. வீட்டில் அதை அளக்க வழியில்லை.

என் முடிவு இது: முழுத் தானியம், முழுப் பயறு என்றால் சலிக்கலாம். இழை கட்டிய மாவு, பொடித்த மசாலா, குழந்தை உணவு, அப்படியே தின்னும் தின்பண்டம் ஆகியவற்றைச் சலித்துப் பயன்படுத்தக் கூடாது. தெரியாமல் ஓரிரு வண்டைச் சமைத்துத் தின்றுவிட்டவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. ஒவ்வாமை உள்ளவர்களும் கைக்குழந்தை உள்ளவர்களும் மட்டும் கவனமாக இருக்க வேண்டும்.

இரண்டாம் வழி: வாங்கிய கடைக்குத் திரும்புவது

மிக விரைவான வழி இதுதான். அன்றைக்கே மாற்றுப் பொருளோ பணமோ கிடைத்துவிடும். தெருமுனை மளிகைக் கடையில் பில்கூடக் கேட்பதில்லை, முகமே பில். கடைக்காரருக்கும் பெரிய இழப்பில்லை. ஏஜென்சியிலிருந்து லைன் வண்டி வரும்போது கெட்ட சரக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

இதன் குறை நான் பட்ட குறைதான். மாற்றிக் கொடுக்கும்போது கடைக்காரர் பழைய பாக்கெட்டைக் கேட்பது நியாயமே, ஏனென்றால் ஏஜென்சிக்கு அவர் எதையாவது காட்டியாக வேண்டும். கொடுத்துவிட்டால் நம் கையில் ஒன்றும் மிஞ்சாது. இதற்கு நான் பின்னர் கண்டுகொண்ட நடுவழி ஒன்று உண்டு: பொருளில் பாதியைக் கவரில் எடுத்து வைத்துக்கொண்டு, பேட்ச் எண் உள்ள உறையைப் படம் எடுத்துக்கொண்டு, மீதியை உறையோடு கொடுத்துவிடுவது. வழக்குவரை போக நினைப்பவர்கள் இதைச் செய்யக் கூடாது. அவர்களுக்கு உறையே முக்கியம். மற்றவர்களுக்கு இது போதும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மாற்றாகத் தரும் பாக்கெட் வேறு பேட்சாக இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்து, அதே பேட்ச் என்றால் பணமாகக் கேட்பது நல்லது. “இந்தப் பேட்ச்ல எத்தனை பாக்கெட் இருக்குதுங்க?” என்று மெதுவாகக் கேட்டால், நல்ல கடைக்காரர் எல்லாவற்றையும் அலமாரியிலிருந்து இறக்கிவிடுவார். இறக்காமல் நம் பாக்கெட்டை மட்டும் மாற்றிக் கொடுத்து அனுப்புபவரிடம் அடுத்த வாடிக்கையாளரும் அதே மாவைத்தான் வாங்கப்போகிறார். அங்கிருந்து நான்காம் வழி தொடங்குகிறது.

மூன்றாம் வழி: தயாரித்த நிறுவனத்தை அழைப்பது

அடைத்து விற்கும் எந்தப் பொருளிலும் நுகர்வோர் புகாருக்கான தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் அச்சிடப்பட வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டின் எடையளவு விதிகள் கூறுகின்றன. பெரிய நிறுவனங்கள் விரைவாகவே பேசும். புகார் எண் தரும், ஆளை அனுப்பும், சில சமயம் ஒரு பெட்டி நிறையப் பொருட்களும் வரும்.

அந்தப் பெட்டியோடு வருபவர் பாக்கெட்டை ‘ஆய்வுக்கு’ எடுத்துச் செல்லக் கேட்பார். அவருடைய நிறுவனம், அவருடைய ஆய்வகம், அவருடைய அறிக்கை. அந்த அறிக்கை பெரும்பாலும் கடைக்காரர் சரக்கைச் சேமித்து வைத்த விதத்தையே குறை சொல்லும். அது எப்போதும் பொய்யென்று சொல்ல வரவில்லை. 2003 அக்டோபரில் மகாராஷ்டிரத்தில் கேட்பரி சாக்லேட்டுகளில் புழு கண்டறியப்பட்டபோது, கடைகளில் சரியாகச் சேமிக்காததே காரணம் என்று அந்த நிறுவனம் கூறியது. ஆனால் அடுத்த ஆண்டு தொடக்கத்திலேயே புழு எளிதில் புகமுடியாதபடி உறையை மாற்றியும் கொண்டது. கடை, ஆலை இரண்டுக்கும் பொறுப்பு இருக்கலாம் என்பதையே அது காட்டுகிறது. ஆகவே மாதிரி கேட்டால் பாதியை மட்டும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் ஒப்புகை வாங்குங்கள். ‘முழு நிறைவோடு பெற்றுக்கொண்டேன்’ என்பது போன்ற வாசகம் உள்ள தாளில் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். எல்லாப் பேச்சையும் மின்னஞ்சலில் வைத்துக்கொள்வது பின்னால் உதவும்.

பாலக்கோட்டுப் பக்கத்திலோ காவேரிப்பட்டணத்திலோ வீட்டளவில் அரைத்து அடைக்கும் சிறு நிறுவனத்தின் பாக்கெட் என்றால் அதிலுள்ள எண் நேராக உரிமையாளரிடம்தான் அடிக்கும். நல்ல மனத்தோடு நடத்துபவர் என்றால் இந்த ஒரு அழைப்பே மற்ற எல்லா வழிகளையும்விடப் பயன் தரும்; ஏனென்றால் கிடங்கில் இருப்பதை அன்றே நிறுத்தும் அதிகாரம் அவரிடம் இருக்கிறது.

நான்காம் வழி: உணவுப் பாதுகாப்புத் துறை

2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், புழு, வண்டு, பூச்சி தாக்கிய உணவைப் பாதுகாப்பற்ற உணவின் வரையறைக்குள்ளேயே கொண்டுவருகிறது. புறப்பொருள் கலந்த உணவுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. புகார் செய்யக் கட்டணம் இல்லை. தமிழ்நாட்டுத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்குப் படங்களோடு அனுப்பலாம்; மாவட்டத்தில் இந்தத் துறைக்குப் பொறுப்பான நியமன அலுவலரிடம் எழுத்தாகக் கொடுக்கலாம்; திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்திலும் மனுவாகத் தரலாம்.

இந்த வழியைப் பற்றி மக்கள் தவறாக எண்ணுபவை மூன்று. முதலாவது, நம் பாக்கெட்டைக் கொண்டுபோய்ச் சோதித்து நிறுவனத்தைத் தண்டிப்பார்கள் என்பது. திறந்துவிட்ட நம் பாக்கெட் அவர்களுக்கு ஒரு துப்பு மட்டுமே. அதை வைத்துக் கடைக்குச் சென்று, அதே பேட்சில் திறக்காத பாக்கெட்டுகளை எடுத்து, சட்டப்படி நான்கு பாகங்களாக முத்திரையிட்டு, அதில் ஒன்றை உணவுப் பகுப்பாய்வாளருக்கு அனுப்புகிறார்கள். நமக்கு அருகில் உள்ள அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் சேலத்தில் இருக்கிறது. பகுப்பாய்வாளர் 14 நாட்களில் அறிக்கை தர வேண்டும். ஆகவே புகார் தாமதமானால் கடையில் அந்தப் பேட்ச் விற்றுத் தீர்ந்துவிடும், எடுக்க மாதிரியே இருக்காது. இந்த வழியில் விரைவே எல்லாம். பாக்கெட்டும் பெரும்பாலும் நம்மிடமே தங்கிவிடும்.

இரண்டாவது, அபராதத்தில் நமக்குப் பங்கு வரும் என்பது. வராது; அது அரசுக்குப் போகிறது. உண்டவருக்கு உடல்நலக் கேடு நேர்ந்தால் மட்டும் அதே சட்டத்தின் 65-ஆம் பிரிவு இழப்பீட்டுக்கு இடம் தருகிறது: உயிரிழப்புக்கு 5 லட்சத்துக்குக் குறையாமலும், கொடுங்காயத்துக்கு 3 லட்சம் வரையிலும், மற்றப் பாதிப்புகளுக்கு 1 லட்சம் வரையிலும்.

மூன்றாவது, நாமே ஆய்வகத்துக்கு எடுத்துச் சென்று சோதித்துவிடலாம் என்பது. 40-ஆம் பிரிவு, வாங்கியவரே கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதனை செய்துகொள்ள உரிமை அளிக்கிறது. பொருள் விதிக்கு மாறானது என்று தெரியவந்தால் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஆனால் சோதிக்கப்போகிறேன் என்பதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று அதே பிரிவு நிபந்தனை போடுகிறது. பூச்சியைக் கண்ட பிறகு அந்தப் பாக்கெட்டுக்கு இந்த உரிமை பயன்படாது. சொல்லிவிட்டு வாங்கும் இரண்டாவது பாக்கெட்டுக்குத்தான் பயன்படும்.

மறைமுகச் செலவு கடை உறவில் விழுகிறது. பேட்ச் ஆலையில் கெட்டதாக இருந்தாலும், அலுவலர் முதலில் நிற்கப்போவது தெருமுனைக் கடையின் வாசலில். புகாரில் நிறுவனத்தின் பெயரையும் உரிம எண்ணையும் முன்னால் எழுதி, கடையை ‘வாங்கிய இடம்’ என்று குறிப்பிடுவது உண்மைக்கும் பொருத்தம், உறவுக்கும் நல்லது.

மாவட்ட எல்லையும் இங்கே குறுக்கிடும். 2004 பிப்ரவரி 9 அன்று கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்ததிலிருந்து, காரிமங்கலத்துக்காரர் கிருஷ்ணகிரியில் வாங்கிய பொருளுக்குக் கிருஷ்ணகிரி மாவட்ட அலுவலரிடம்தான் போக வேண்டும். ஓசூர்க்காரர்கள் எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் வாங்கியிருந்தால், அந்தக் கடை கர்நாடகத் துறையின் கையில் இருக்கிறது.

ஐந்தாம் வழி: 1915, அதன் பிறகு நுகர்வோர் ஆணையம்

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம். அவர்கள் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள். யாரையும் கட்டாயப்படுத்தும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. பெரிய நிறுவனங்களிடம் இது ஓரளவு பலிக்கும், உள்ளூர் அரவை ஆலையிடம் பலிப்பது அரிது.

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்குச் செய்த பெரிய நன்மை, வாங்கிய இடம் எதுவாயினும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம் என்பதே. மேலே சொன்ன அத்திப்பள்ளிச் சிக்கல் இங்கே தீர்ந்துவிடுகிறது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்கு உட்பட்டால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் இல்லாமல் நாமே வாதாடலாம், இரண்டு ஆண்டுகள் வரை அவகாசமும் இருக்கிறது. உற்பத்தியாளரையும் விற்பனையாளரையும் சேர்த்தே எதிர்த்தரப்பாக்குவது நல்லது. இல்லையென்றால் இருப்பவர் இல்லாதவரைக் கைகாட்டிவிட்டுப் போவார்.

மறைமுகச் செலவு இங்கேதான் மிகுதி. சோதனை தேவைப்படாத வழக்கு 3 மாதங்களிலும் சோதனை தேவைப்படும் வழக்கு 5 மாதங்களிலும் முடிய வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் வாய்தாக்கள் நீண்டுகொண்டே போகும். ஒவ்வொரு வாய்தாவும் அரூரிலிருந்தோ பென்னாகரத்திலிருந்தோ வருபவருக்கு ஒரு நாள் கூலி. பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தால் அதற்கான கட்டணத்தை முதலில் நாம் கட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எதிர்த்தரப்பு வைக்கும் முதல் வாதம் ‘திறந்த பிறகு வீட்டில் புகுந்த பூச்சி’ என்பதாகவே இருக்கும். உறைக்குள் பூச்சி ஊர்வது வெளியிலிருந்தே தெரிந்து, திறக்காமலே வைத்திருக்கும் பாக்கெட்டுக்கு இருக்கும் வலு, பாதி காலியான பாக்கெட்டுக்கு இல்லை. குழந்தை வாந்தியெடுத்து மருத்துவமனைக்குச் சென்றிருந்தால், எந்த உணவை உண்ட பிறகு என்பதை மருத்துவச் சீட்டில் எழுதித் தரும்படி கேட்டு வாங்குங்கள்; அந்த ஒரு வரி இல்லாமல் தோற்றுப்போக வாய்ப்புண்டு.

நாற்பது ரூபாய் மாவுக்காக மட்டும் இந்த வழியில் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உடல்நலம் கெட்டு மருத்துவச் செலவு ஆகியிருந்தாலோ, நிறுவனம் எழுத்தில் மறுத்திருந்தாலோ இறங்கலாம்.

ஆறாம் வழி: வாட்ஸ்அப் குழுவில் போடுவது

அரை மணி நேரத்தில் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை. படத்தில் தெரியும் கடைப்பெயர்தான் அடிவாங்கும், மாவு அரைத்த ஆலை அல்ல. சொன்னது மெய்யென்று நிறுவ முடியாவிட்டால் அவதூறு வழக்கு நம் பக்கம் திரும்பலாம். எதற்கும் இதை முதல் வழியாகக் கொள்ள வேண்டாம்.

ஒரே பார்வையில்

| வழி | செலவு, அலைச்சல் | காலம் | பாக்கெட் போகுமிடம் | கிடைப்பது |
|---|---|---|---|---|
| சலித்தல், எறிதல் | பொருளின் விலை. பூச்சி பரவும் ஆபத்து | அன்றே | குப்பை | ஒன்றுமில்லை |
| கடை | மிகக் குறைவு | அன்றே | கடைக்காரர் | மாற்றுப் பொருள் அல்லது பணம் |
| நிறுவனம் | தொலைபேசி, மின்னஞ்சல் | சில நாட்கள் முதல் சில வாரங்கள் | நிறுவனம் கேட்கும். பாதி மட்டும் கொடுக்கலாம் | பணம், பரிசுப் பொருள் |
| உணவுப் பாதுகாப்புத் துறை | கட்டணம் இல்லை. கடை உறவு கசக்கலாம் | மாதிரி எடுத்தபின் அறிக்கைக்கு 14 நாட்கள் | பெரும்பாலும் நம்மிடமே | அந்தப் பேட்ச் மீது நடவடிக்கை |
| நுகர்வோர் ஆணையம் | கட்டணம் இல்லை; வாய்தாக்கள், ஆய்வகக் கட்டணம் | பல மாதங்கள் | ஆணையம், ஆய்வகம் | இழப்பீடு, வழக்குச் செலவு |
| வாட்ஸ்அப் குழு | அவதூறு ஆபத்து | அரை மணி நேரம் | நம்மிடமே | பரபரப்பு |

எந்த நிலையில் எது

அடைத்த பாக்கெட்டில், வாங்கிய ஓரிரு நாளில், முதல் முறையாகத் தானிய வண்டோ புழுவோ கண்டால், படம் எடுத்துப் பாதியை வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அதே பேட்சில் இரண்டாவது முறை, அல்லது அக்கம்பக்கத்தில் இன்னொரு வீட்டிலும் என்றால், கடையில் மாற்றிக்கொள்வதற்கு முன்பே உணவுப் பாதுகாப்புத் துறைக்கு அனுப்பிவிடுங்கள். மாற்றிக்கொண்ட பிறகு புகார் செய்யும் மனநிலை தணிந்துவிடும் என்பதை என் அனுபவத்தில் சொல்கிறேன். குழந்தை உணவு என்றால் முதல் முறையே துறைக்கும் நிறுவனத்துக்கும் சேர்த்து எழுதுங்கள்.

நியாயவிலைக் கடை அரிசியிலோ, தருமபுரியிலும் நீலகிரியிலும் 2023 முதல் தரப்படும் கேழ்வரகிலோ பூச்சி இருந்தால், வழி தனி. கடையிலேயே மாற்றித் தரக் கேளுங்கள். மறுத்தால் 1967 என்ற எண்ணில் உணவு வழங்கல் துறைக்குச் சொல்லலாம். விலையில்லாமல் பெற்ற அரிசிக்கு நுகர்வோர் ஆணையத்தை அணுகினால், பணம் கொடுத்து வாங்கியவரே நுகர்வோர் என்ற வரையறை குறுக்கே வரும்.

துறைக்கு அனுப்பும் செய்தி எப்படி இருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்காக, இரண்டாம் முறை நான் அனுப்பியதன் வடிவத்தைக் கீழே தருகிறேன். பெயர்களையும் எண்களையும் நீங்கள் நிரப்பிக்கொள்ளலாம்.

‘ஐயா, இன்ன நிறுவனத்தின் கேழ்வரகு மாவு, அரைக்கிலோ, உரிம எண் இது, பேட்ச் எண் இது, அடைத்த தேதி இது. இன்ன தேதியில் தருமபுரியில் இன்ன தெருவிலுள்ள கடையில் வாங்கினேன். பில் படம் இணைத்துள்ளேன். மறுநாள் காலை திறந்தபோது இழையும் உயிருள்ள புழுவும் இருந்தன. நான்கு படங்கள் இணைத்துள்ளேன். அதே பேட்சில் கடையில் ஏறக்குறைய 20 பாக்கெட்டுகள் இன்னும் உள்ளன. உறையும் எஞ்சிய மாவும் என்னிடம் உறைநிலையில் வைக்கப்பட்டுள்ளன. எப்போது கேட்டாலும் ஒப்படைக்கிறேன்.’